கிடைக்காத உயிலும் பீரோச் சாவியும்

1. இல்லாமைக்கு என்ன பொருள்?

உயில் எழுதிவைத்திருப்பதாக உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவந்த ஒருவர் இறந்துபோகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தால் தாய்ப்பத்திரம் இருக்கிறது, பட்டா நகல் இருக்கிறது, வங்கிப் புத்தகம் இருக்கிறது. உயிலை மட்டும் காணோம். இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. மனம் மாறி அவரே கிழித்துப் போட்டிருக்கலாம். எங்கோ வைத்து மறந்திருக்கலாம். வேறு யாராவது எடுத்திருக்கலாம்.

மூன்றில் எதை முதலில் நம்புவது என்பது குடும்பத்துக்குள் தீர்கிற விஷயம் அல்ல. எதை நம்புகிறோமோ அதைப் பொறுத்து மெய்ப்பிக்கும் சுமை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது. பல வழக்குகளில் சொத்தின் போக்கையே தீர்மானிப்பது அந்தச் சுமைதான். இங்கிலாந்துச் சட்டம் முதல் விளக்கத்துக்கு முன்னுரிமை தந்தது. இந்திய நீதிமன்றங்கள் அந்த ஊகத்தின் பிடியைத் தளர்த்தின. அப்படித் தளர்த்தியது சரி. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பாதி உண்மைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். காரணத்தைத் திருத்திக்கொண்டால் எந்தச் சான்றைத் தேடுவது, அதை எப்போது தேடுவது என்பதும் மாறிவிடும்.

2. தேடப்படாத பதிவேடுகள்

வழக்கு வாதங்களுக்குள் நுழையும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காணோம் என்று சொல்லப்படும் உயில்களில் ஒரு பகுதி, தேட வேண்டிய இடத்தில் தேடப்படாதவை.

தமிழ்நாட்டில் குடும்பங்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது வில்லங்கச் சான்று. முப்பது வருட வில்லங்கத்தில் உயில் எதுவும் வரவில்லை, அதனால் உயிலே இல்லை என்று பேசி முடித்துவிடுகிறார்கள். இந்த முடிவு தவறு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு பதிவேடுகளை வகைபிரித்து வைத்திருக்கிறது. கிரயம், அடமானம், செட்டில்மென்ட் முதலான அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் பதிவேட்டில் ஏறுகின்றன. உயிலுக்கும் தத்தெடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கும் உரியது மூன்றாம் பதிவேடு. வில்லங்கச் சான்று முதலாம் பதிவேட்டை ஒட்டித் தயாராவது என்பதால், முறையாகப் பதிவான உயிலும் அதில் தலைகாட்டாது.

இது சட்டத்தின் ஓட்டை அல்ல. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. உயில் எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மூன்றாம் பதிவேட்டின் நகலை அவரோ அவருடைய முகவரோதான் பெற முடியும். அவர் இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் நகல் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு. உயிரோடிருப்பவரின் மனத்தை ஊர் அறியக் கூடாது, இறந்தவரின் விருப்பத்தை யாரும் மறைக்கக் கூடாது என்ற இரண்டு நோக்கங்களையும் ஒரே பிரிவு காக்கிறது. ஆனால் நடைமுறையில் மக்களுக்குத் தெரிந்திருப்பது முதல் பாதி மட்டுமே. தகப்பனார் இறந்த பிறகும், உயில் நகல் நமக்குத் தர மாட்டார்கள் என்று நம்பித் திரும்பிவிடும் பிள்ளைகள் உண்டு.

சிக்கல் இன்னொன்றும் இருக்கிறது. சொத்து இருக்கும் ஊரில்தான் பதிய வேண்டும் என்ற கட்டாயம் உயிலுக்குக் கிடையாது. தஞ்சாவூரில் நிலம் வைத்திருப்பவர் தாம்பரத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அங்கேயே பதிந்திருக்கலாம். ஆகவே அவர் வாழ்ந்த ஊர், வேலை பார்த்த ஊர், கடைசிக் காலத்தில் தங்கிய ஊர் என்று ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகமாகத் தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாம் பதிவேட்டையாவது சிலர் அறிவார்கள். ஐந்தாம் பதிவேடு என்று ஒன்று இருப்பது வழக்கறிஞர்களிலேயே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பதிவுச் சட்டத்தின் 42 முதல் 46 வரையான பிரிவுகள் உயிலைப் பதியாமலே அரசிடம் ஒப்படைத்துவைக்க வழிசெய்கின்றன. எழுதியவர் உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து, மேலே தம் பெயரையும் உள்ளே இருப்பது இன்ன ஆவணம் என்பதையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கலாம். பதிவாளர் உறையைப் பிரிப்பதில்லை. உறைமேல் எழுதியிருப்பதை அப்படியே ஐந்தாம் பதிவேட்டில் எடுத்தெழுதுகிறார். பெற்றுக்கொண்ட ஆண்டு, மாதம், நாள், மணி ஆகியவற்றைப் பதிவேட்டிலும் உறையிலும் குறிக்கிறார். கொண்டுவந்தவரை அடையாளம் சொல்லக்கூடியவர்களின் பெயர்களையும், முத்திரையில் படிக்கும்படியாக எழுத்து ஏதும் இருந்தால் அதையும் சேர்த்தெழுதி, உறையைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். எழுதியவர் இறந்த பிறகு ஒருவர் விண்ணப்பித்தால் அவர் முன்னிலையில் உறை பிரிக்கப்படும். அவர் செலவில் உயிலின் வாசகம் மூன்றாம் பதிவேட்டில் நகலெடுக்கப்படும். அசல் மீண்டும் பெட்டிக்குள் போகும்.

நூறாண்டுக்கு முந்தைய நிர்வாகம் எவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறது என்பதை இந்த நடைமுறையில் பார்க்கிறேன். முத்திரையின் எழுத்தைக்கூடக் குறித்துவைக்கச் சொன்ன சட்டம், எழுதியவர் இறந்த செய்தியைப் பதிவாளருக்கு யார் சொல்வது என்பதை மட்டும் எங்கும் சொல்லவில்லை. குடும்பத்தில் எவருக்கும் அந்த உறையைப் பற்றித் தெரியாவிட்டால் அது பெட்டியிலேயே கிடக்கும்.

பதிவோ ஒப்படைப்போ இல்லாத உயிலைத் தேடுவது முற்றிலும் வேறு வேலை. உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். இது எழுதுபவருக்கு வசதி, தேடுபவருக்குச் சங்கடம். கிரயப் பத்திரம் தொலைந்தால் முத்திரைத்தாள் விற்றவரின் கணக்கிலாவது ஒரு தடயம் இருக்கும். வெள்ளைத்தாள் உயிலுக்கு அதுவும் இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 63ஆம் பிரிவு இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. ஆகவே காகிதத்தைத் தேடுவதற்கு முன் அந்த இரண்டு ஆட்களைத் தேடுவதே பயன் தரும். கையெழுத்துப் போட்ட மருத்துவர், கூட வேலை பார்த்தவர், எழுதிக்கொடுத்த பத்திர எழுத்தர், வரைவு தயாரித்த வக்கீல் குமாஸ்தா ஆகியோரின் வாக்குமூலத்திலிருந்துதான் பெரும்பாலும் தொலைந்த உயில் மீண்டு வருகிறது.

3. லார்டு செயின்ட் லெனர்ட்ஸின் பெட்டி

இனி ஊகத்துக்கு வருவோம். வெல்ச் எதிர் பிலிப்ஸ் வழக்கில் (1836) வகுக்கப்பட்ட விதி இதுதான்: உயில் எழுதியவரின் சொந்தப் பொறுப்பில் இருந்தது என்று நிறுவப்பட்டு, இறந்த பிறகு அது கிடைக்கவில்லை என்றால், ரத்து செய்யும் எண்ணத்தோடு அவரே அதை அழித்துவிட்டார் என்று கொள்ள வேண்டும். மாற்றுச் சான்று காட்டி இந்த ஊகத்தை உடைக்கலாம். ஆனால் உடைக்கும் பொறுப்பு உயிலை நம்பி வருபவருடையது.

இவ்விதிக்குப் பின்னால் ஒரு மனிதச் சித்திரம் இருக்கிறது. அவர் கவனமானவர். முக்கியமான காகிதத்தைப் பூட்டிவைப்பவர். பெட்டி அவருடையது, சாவியும் அவருடையது. பெட்டிக்குள் இருந்தது இல்லாமல் போனால் எடுத்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சித்திரத்துக்கு முழுக்கப் பொருந்திய ஒருவரின் உயிலே காணாமல் போனது. எட்வர்ட் சக்டன், பட்டப்பெயரால் லார்டு செயின்ட் லெனர்ட்ஸ், இங்கிலாந்தின் லார்டு சான்சலராக இருந்தவர். சொத்துச் சட்டத்தில் அக்காலத்தின் பெரும் அறிஞர். அத்துறையில் பொதுமக்களுக்காகவும் நூல் எழுதியவர். 1875 ஜனவரியில் தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தார். உயிலையும் அதன் பின்னிணைப்புகளையும் ஒரு சிறு பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். அவர் நோயுற்றபோது பெட்டி மகள் சார்லட்டின் பொறுப்புக்கு வந்தது. இறந்த பிறகு திறந்து பார்த்தார்கள். எட்டுப் பின்னிணைப்புகளும் இருந்தன. உயில் இல்லை.

தந்தைக்கு நெடுங்காலம் எழுத்துத் துணையாக இருந்த சார்லட், பலமுறை படித்திருந்த அந்த உயிலின் வாசகத்தை நினைவிலிருந்தே எழுதிக் கொடுத்தார். 1876இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. பின்னிணைப்புகளை விட்டுவைத்து மூல உயிலை மட்டும் அழிக்க அவருக்கு முகாந்திரம் இல்லை. தம் உயிலைப் பற்றி அவர் கடைசிவரை பேசிய விதம் அதை ரத்து செய்தவர் பேசும் விதமாக இல்லை. பெட்டியை மற்றவர்கள் நெருங்கவும் வாய்ப்பு இருந்தது. இந்த அடிப்படையில் ஊகம் உடைந்தது.

சட்டப் பாடநூல்கள் இவ்வழக்கை நினைவின் வலிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பெட்டி கைமாறிய தருணம். உயில் எழுதியவர் படுக்கையில் விழுந்த அன்றே, பெட்டியும் சாவியும் ஒரே கையில் இருக்கின்றன என்ற எடுகோள் பொய்யாகிவிட்டது.

4. இந்தியத் தீர்ப்புகள்: சரியான முடிவு, குறையுள்ள காரணம்

பத்மன் எதிர் ஹன்வந்தா வழக்கில் (1915) பிரிவி கவுன்சில் ஆங்கில ஊகத்தை அப்படியே பொருத்த மறுத்தது. உயில் தவறிப்போயிருக்கலாம், அல்லது இறப்புக்குப் பின் எதிர்த்தரப்பில் ஒருவர் எடுத்திருக்கலாம் என்பதே அவ்வழக்கின் சூழலில் கூடுதல் நியாயமான ஊகம் என்றது. பிற்பாடு துர்கா பிரசாத் எதிர் தேவி சரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக எடுத்துப் பேசியது. 1979ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் வெளிவந்த அத்தீர்ப்பின் சாரம்: நம் நாட்டு மக்களில் பெரும்பாலோர் அதிகம் படித்தவர்கள் அல்லர், உயிலை வங்கியிலோ வழக்கறிஞரிடமோ பத்திரப்படுத்தும் வழக்கம் எல்லோரிடமும் இல்லை, ஆகவே திருட்டோ தொலைவோ நேர இடமிருக்கிறது, ஊகத்தை மிக எச்சரிக்கையாகவே கையாள வேண்டும்.

முடிவு நியாயமானது. காரணம்தான் குறைபட்டது. கல்வியின்மையால் காகிதம் தொலைகிறது என்றால் லார்டு சான்சலர் வீட்டில் தொலைந்தது எப்படி? படிப்புக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. அமெரிக்கப் பாடகி அரிதா ஃபிராங்க்ளின் 2018இல் இறந்தபோது உயில் எதுவும் இல்லை என்றே முதலில் கருதப்பட்டது. 2019இல் கையெழுத்து உயில்கள் கிடைத்தன. 2010ஆம் ஆண்டுத் தேதியிட்டது பூட்டிய அலமாரியில் இருந்தது. 2014ஆம் ஆண்டுத் தேதியிட்டது சோபா மெத்தைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. 2023 ஜூலையில் மிஷிகன் ஜூரி, மெத்தைக்கு அடியில் கிடைத்ததையே செல்லுபடியாகும் உயில் என்று தீர்மானித்தது. பூட்டிவைத்தால் மதிப்பது, போட்டுவைத்தால் மதிக்காதது என்ற கணக்கும் அங்கே பொய்த்தது.

படிப்பறிவை அளவுகோலாக வைத்தால் ஒரு தீங்கும் விளைகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ வங்கி மேலாளரோ இறந்தால், அவர் படித்தவர், கவனமானவர், உயில் இல்லையென்றால் அவரே அழித்திருப்பார் என்று எதிர்த்தரப்பு வாதாட அது இடம் கொடுக்கிறது. அந்தத் தலைமையாசிரியர் கடைசி ஆறு மாதம் எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

5. அணுகும் வாய்ப்பே அளவுகோல்

ஆகவே படிப்பை விட்டுவிட்டு அணுகும் வாய்ப்பைப் பார்க்க வேண்டும் என்கிறேன். நம் வீடுகளில் பீரோ ஒருவருடையதாக இருப்பது அரிது. உயிலோடு சேர்ந்து அதே தட்டில் மருமகளின் நகையும் பேரனின் சான்றிதழும் இருக்கும். சாவி பெரியவரின் தலையணைக்கடியிலிருந்து மனைவியின் இடுப்புக்கும், அவருக்குப் பிறகு கூட இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ போகும். முதுமையில் ஒருவர் முதலில் இழப்பது சாவியைத்தான் என்று சொன்னால் மிகையாகாது. சொத்து அவர் பெயரில் இருக்கும். பீரோவைத் திறக்க இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

சட்டமே இந்தப் பார்வைக்கு இடம் தருகிறது. வாரிசுரிமைச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி, உயிலை எரித்தோ கிழித்தோ ரத்து செய்ய வேண்டுமானால் எழுதியவர் தாமே அதைச் செய்ய வேண்டும். அல்லது அவர் முன்னிலையில், அவர் சொல்லி இன்னொருவர் செய்ய வேண்டும். ரத்து செய்யும் எண்ணமும் இருக்க வேண்டும். படுத்தபடியே, அதைக் கிழித்துப் போட்டுவிடு என்று சொல்லி, மகன் வேறொரு நாள் வேறொரு வீட்டில் கிழித்தால் உயில் ரத்தாகாது. அப்படியானால் நீதிமன்றம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. உயில் கடைசியாகப் பார்க்கப்பட்டது எப்போது? அதற்குப் பிறகு எழுதியவர் அதை எட்டி எடுக்கும் நிலையில் இருந்தாரா? அந்நாட்களில் சாவி யாரிடம்? மருத்துவமனைக் குறிப்புகள், வீட்டு வேலை செய்தவரின் சாட்சியம், வங்கி லாக்கர் திறந்த பதிவேடு ஆகியவை இங்கே படிப்புச் சான்றிதழைவிடப் பெரிய சான்றுகள்.

அடுத்து, உயில் இல்லாததால் ஆதாயம் யாருக்கு என்ற கேள்வி. உயிலை மறைப்பவர் வலியவர், இழப்பவர் எளியவர் என்றே நினைக்கத் தோன்றும். உண்மை அவ்வளவு நேரானதாக இல்லை. உயில் இல்லையென்றால், தாமே சம்பாதித்த சொத்துள்ள ஓர் இந்து ஆண் இறக்கும்போது, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. தமிழ்நாட்டு உயில்கள் பலவற்றில் மகளுக்குச் சீர்செய்தாகிவிட்டது என்று ஒரு வரி எழுதி அவரை விலக்குவது வழக்கம். அத்தகைய உயில் காணாமல் போனால் மகளுக்கு நன்மை. மாறாக, கடைசிவரை பார்த்துக்கொண்ட தங்கை மகளுக்கோ வளர்ப்புப் பிள்ளைக்கோ எழுதிய உயில் போனால் அவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். மனைவியோ பிள்ளைகளோ தாயோ இருக்கும்வரை சட்டப்படி அவர்களுக்குப் பங்கு இல்லை. வாரிசுச் சான்றிதழில் அவர்கள் பெயர் வராது. என் அனுதாபம் இவர்கள் பக்கம்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆதாயமும் சாவியும் ஒரே கையில் சேர்ந்திருந்தால் மட்டுமே ஊகத்தைத் திருப்பிவிட வேண்டும். அனுதாபம் அதற்குப் போதாது.

6. எதிர்த்தரப்பின் நியாயம்

ஊகத்தைத் தளர்த்துவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒருவருக்கும் சொல்லாமல் கிழிக்கலாம் என்பதே உயிலின் சிறப்பு. மகனோடு மனக்கசப்பில் எழுதியதைச் சமாதானமான பின் அடுப்பில் போட்ட தகப்பனுக்கு, அதைச் சாட்சி வைத்துச் செய்ய வேண்டிய கடமை கிடையாது. ஊகம் போய்விட்டால் அந்த மௌனமான மனமாற்றத்துக்குப் பாதுகாப்பு இல்லை. தொலைந்த உயிலின் நகல் என்று எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து நீட்டலாம்.

நீதிமன்றங்கள் இந்த ஆபத்தை அறிந்தே நடந்திருக்கின்றன. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கு (1959) சந்தேகத்துக்குரிய சூழல்கள் ஒவ்வொன்றையும் உயிலை முன்வைப்பவரே போக்க வேண்டும் என்றது. பெங்கா பெஹரா எதிர் பிரஜ கிஷோர் நந்தா வழக்கில் (2007) அசல் தொலைந்தது என்பதே மெய்ப்பிக்கப்படாததால் இரண்டாம் நிலைச் சான்று ஏற்கப்படவில்லை. தொலைந்தது என்று சொன்னால் போதாது. எங்கே இருந்தது, எங்கெல்லாம் தேடினோம் என்று காட்ட வேண்டும். பதிவான உயிலானாலும் சான்றிட்ட நகல் அதன் வாசகத்தைத்தான் நிறுவும். எழுதியவர் கையெழுத்திட்டார், சாட்சிகள் பார்த்தார்கள் என்பதைத் தனியே நிறுவியாக வேண்டும்.

இந்தக் கடுமை தேவையானது. உயில் எழுதப்பட்டதை மெய்ப்பிப்பதில் இம்மியும் தளர்வு கூடாது. ஆனால் எழுதப்பட்டது ஐயமின்றி நிறுவப்பட்ட பிறகு, அது எப்படி மறைந்தது என்ற அடுத்த கட்டத்தில் மட்டும் சுமை வேறு இடத்தில் விழ வேண்டும்: உயில் கடைசியாக இருந்த இடத்தை யார் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாரோ அவர் முதலில் பேசட்டும். இவ்விரண்டு கட்டங்களையும் கலந்து குழப்புவதால்தான் ஊகத்தைத் தளர்த்துவது கள்ள உயிலுக்குக் கதவு திறப்பதுபோலத் தோன்றுகிறது.

7. பயன்படாத பிரிவுகளும் இல்லாத இணைப்பும்

உயில் இருந்த இடத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவரைப் பேசவைக்கும் கருவி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 267ஆம் பிரிவுப்படி, உயில் போன்ற காகிதம் ஒருவர் வசம் இருப்பதாகக் காட்டப்பட்டால் அதைக் கொண்டுவரும்படி மாவட்ட நீதிபதி உத்தரவிடலாம். வசம் இருப்பதாகக் காட்ட முடியாவிட்டாலும், அவருக்கு அதைப் பற்றித் தெரியும் என்று நம்பக் காரணமிருந்தால் நேரில் அழைத்து விசாரிக்கலாம். அவர் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர். உயிலை மோசடியாக அழிப்பதும் ஒளிப்பதும் ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 477ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 343ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குடும்பங்கள் குற்ற வழக்குக்குத் தயங்குவது புரிகிறது. 267ஆம் பிரிவு அவ்வளவு கசப்பானதல்ல. பாகப் பிரிவினை வழக்கு பத்தாண்டு ஓடிய பின் குறுக்கு விசாரணையில் கேட்பதை, இறப்பு நடந்த சில மாதங்களிலேயே, நினைவு மங்குமுன் கேட்டுவிட அது வழிசெய்கிறது.

இடைக்கால ஏற்பாட்டையும் சட்டம் மறக்கவில்லை. நகலோ வரைவோ இருந்தால் அதற்கு 237ஆம் பிரிவின்படி புரொபேட் (உயிலுக்கான நீதிமன்ற ஒப்புறுதி) தரலாம். அதுவும் இல்லாவிட்டால் உள்ளடக்கத்தைச் சாட்சியத்தால் நிறுவ 238 இடமளிக்கிறது. உயில் இருப்பதாக நம்பக் காரணமிருந்தும் கிடைக்கவில்லையென்றால், அது கிடைக்கும்வரை என்ற வரம்போடு சொத்தை நிர்வகிக்கும் உரிமையைத் தரலாம் என்கிறது 240. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பட்டாவை மாற்றி, அவசரமாக மனையை விற்றுவிடுவதற்கு இந்தப் பிரிவு நல்ல மாற்று. விற்ற பிறகு உயில் வெளிப்பட்டால் வாங்கியவரும் சேர்ந்து நீதிமன்றம் ஏறுகிறார்.

அரசின் பங்கில்தான் உண்மையான வெற்றிடம் இருக்கிறது. ஐரோப்பிய அவை 1972இலேயே பாசல் ஒப்பந்தத்தின் வழியாக உயில் பதிவு ஏற்பாடுகளை வகுத்தது. ஜெர்மனியில் 2012 ஜனவரி 1 முதல் மத்திய உயில் பதிவகம் இயங்குகிறது. அதில் உயிலின் வாசகம் இல்லை; இன்னாருடைய உயில் இன்ன இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. ஒருவரின் இறப்பு பதிவானதும் அச்செய்தி பதிவகத்துக்குப் போகிறது. உயிலை வைத்திருப்பவருக்கும் வாரிசுரிமை நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து தகவல் செல்கிறது. வாரிசு எவரும் கேட்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புதிய சட்டம்கூடப் பெரிதாகத் தேவைப்படாது. இறப்புகளை உள்ளாட்சி அமைப்புகள் பதிகின்றன. உயில்களின் அட்டவணையும் ஒப்படைப்புப் பதிவேடும் பதிவுத்துறையிடம் இருக்கின்றன. எழுதியவர் இறந்த பிறகு நகல் கொடுக்க 57ஆம் பிரிவு ஏற்கெனவே அனுமதிக்கிறது. இறப்புச் சான்றிதழ் எண்ணைக் கொடுத்தால், இப்பெயரில் இந்த அலுவலகத்தில் இந்தத் தேதியில் ஓர் உயில் பதிவாகியோ ஒப்படைக்கப்பட்டோ இருக்கிறது என்று மாநிலம் முழுவதற்குமாக ஒரே இடத்தில் பதில் கிடைத்தால் போதும். வெள்ளைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்த உயிலுக்கு இது உதவாது. அதற்கு 267ஆம் பிரிவின் மனுவை, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யார் யார் என்பது நினைவிலிருந்து மறையும் முன்பே போட்டாக வேண்டும்.